முடக்குவாதக்காரர் வீட்டிலிருந்தே கற்க வேண்டியவை



காலையில் எழும்பியதும் "விரல் மடங்க மாட்டேங்கு, சாயா கிளாசைக்கூடப் பிடிக்க முடியல்லே" என்று சொல்லும் தாய்மார்கள் நம் சிதறால் பக்கத்தில் உண்டு. வாயு என்று சொல்லி எண்ணெய் தடவி விட்டுவிடுகிறார்கள். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்கி, காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஆறு வாரமாகியும் தணியாவிட்டால் அது முடக்குவாதமாக இருக்கலாம். முதுமையில் வரும் முட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 30 வயதிலும் வரும். முதல் இரண்டு வருடத்திலேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும் என்பதால் காலம் தாழ்த்தக் கூடாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருநாள் கூலியை விட்டுப் போனாலும் நஷ்டமில்லை.

இந்நோய்க்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரே ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு கிழமையை முடிவு செய்து, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல் கண்டால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். மதுவும் கூடாது.

குடும்பநலத் துறை இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். சாப்பிடும் நாளெல்லாம் கருத்தடை முறை ஒன்று அவசியம். குழந்தை வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்திலும் சாப்பிடக்கூடிய மாற்று மருந்துகள் உண்டு. பலருக்குக் கர்ப்பத்தில் வலி குறைந்து, பிரசவத்துக்குப் பின் மறுபடி கூடும். மாமியார்மார் இதை மருமகளின் சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.

இனி வேலை. பால்வெட்டுக்காரர் விடியுமுன் கத்தி பிடிக்க வேண்டும். இந்த நோயில் விரல் மிகவும் விறைத்திருப்பதும் அந்த நேரத்தில்தான். அரைமணி முன்னதாக எழும்பி, பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி விரியுங்கள். கத்திப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கலயத்தையும் பானையையும் விரல் நுனியால் தூக்காமல் இரு உள்ளங்கையால் ஏந்துங்கள். சந்தைப் பையை முழங்கையில் மாட்டலாம். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், நீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். முந்திரிப் பருப்பு உரிப்பவர்கள் இடையிடையே விரலுக்கு ஓய்வு தர வேண்டும். ஒரு வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி நின்றால், மறுநாள் அந்த வேலையைக் குறைக்க வேண்டும் என்று கணக்கு. அதற்காக முழுநாளும் கட்டிலில் கிடப்பதும் தவறு. அசைக்காத மூட்டு இறுகிப் போகும். வலி அடங்கிய நாளில் மலைக்கோவில் பாதையில் முடிந்த மட்டும் நடந்து பாருங்களேன்.

சூடாக வீங்கியிருக்கும் மூட்டைப் பிடித்து நீவவோ திருகவோ விடாதீர்கள். பெயர் எழுதாத பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உடனே சுகம் தெரியும், பின்னால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சாப்பாட்டில் பெரிய விலக்கு எதுவுமில்லை. சாளை மீன் நல்லதே.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் மூட்டுநோயாளிகளுக்கென ஒரு பாடம் வகுத்தார். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர் டாக்டரல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அவர்களில் பலர் மூட்டுநோயாளிகள். வாராவாரம் "இன்னது செய்வேன்" என்று ஒரு சின்ன வேலையைச் சொல்லி, அடுத்த வாரம் நடந்ததா என்று கூறுவார்கள். "என்னால் முடியும்" என்ற தைரியம் வந்தவர்களுக்கு வலியும் குறைந்ததாகக் கண்டார்கள். நம் ஊர் மகளிர் குழுக் கூட்டத்திலும் இதைச் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை.

ஒரு நோட்டில் காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்த மூட்டு வீங்கியது, மாத்திரை சாப்பிட்ட தேதி ஆகியவற்றை எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழுத விரல் ஒத்துழைக்காவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.