ஏட்டறையும் காப்பாளனும்

சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூரின் பெயரைக் கேட்டால் தமிழபிமானிகளின் மனம் பதைக்கும். பழஞ்சுவடி தேடி அங்குச் சென்ற மஹாமஹோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுத்தொகுதி பால்வண்ணநாதர் ஆலயத்தைச் சேர்ந்திருந்ததென்றும், அதனருமை அறியாத பிற்காலத்தார் அவ்வேடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டனரென்றும் அறிந்து கலங்கினார். ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதிவைத்த செய்தி இது.

ஏடுகள் இருந்தன, இன்ன ஏடு இன்னது என்றறிந்து எடுத்துக்கொடுக்கும் காப்பாளன் இல்லை. நியாயஸ்தலங்களில் பழகியோர் இதன் பொருளை நன்கறிவர். பதிவறையில் ஆயிரம் தஸ்தாவேஜுகள் இருந்தும், அட்டவணை அழிந்துவிட்டால் அவை இருந்தும் இல்லாதனவே.

மனித மூளையிலும் இத்தகைய காப்பாளன் ஒருவன் உளன். காதுகளுக்கு நேர் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, கடற்குதிரையைப்போல் வளைந்து கிடக்கும் உறுப்பு அது. 16-ம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் அரான்ஸி அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயரிட்டார். அதன் தொழில் யாதென்பது விளங்கியதோ ஒரு துயர நிகழ்ச்சியால். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலெய்ஸன் என்ற 27 வயது வாலிபரின் வலிப்பு நோயைத் தீர்க்கக் கருதி, டாக்டர் ஸ்கோவில் அவ்வுறுப்பின் பெரும்பகுதியை இருபுறத்தும் அகற்றினார். வலிப்புத் தணிந்தது. ஆனால் அன்று முதல் 2008-ல் இறக்கும் வரை, புதிதாகக் கண்டவரை அவர் மறுகணமே மறந்தார். இளமைக்கால நிகழ்ச்சிகளோ நினைவிலிருந்தன. அவரைப் பல்லாண்டு சோதித்த பிரெண்டா மில்னர் அம்மையார் கண்டது யாதெனில், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பழக்கம் அவர் கைக்கு நாளுக்குநாள் தேறியது. வரைந்த நினைவு மட்டும் அவருக்கு இல்லை என்பதே. ஆகவே, பழைய நினைவுகளும் கைப்பழக்கமும் தங்குமிடம் வேறு. புதியவற்றைப் பதிவு செய்பவன் வேறு.

அப்பதிவு எங்ஙனம் நிகழ்கிறது? ஒரு தேர்த்திருவிழாவின் காட்சி மூளையின் பின்புறத்திலும், மேளவோசை பக்கங்களிலுமாகப் பிரிந்து பதிகின்றன. அவற்றை ஒருங்கே முடிபோடுவது இவ்வுறுப்பு. சேர்ந்து தூண்டப்படும் நரம்பணுக்களின் இணைப்பு நெடுநேரம் வலுப்பட்டு நிற்பதை 1973-ல் பிளிஸ், லோமோ என்னும் இருவர் முயல்களிடம் நிலைநாட்டினர். விழித்திருக்கையில் நடந்த வழியை எலியின் மூளை உறக்கத்தில் மீண்டும் ஒப்பிப்பதை 1994-ல் வில்ஸனும் மக்நாட்டனும் கண்டனர். உறக்கத்தைக் கெடுத்துப் பாடம் படிக்கும் மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!

மீட்டெடுக்கும் முறையை விளக்க மேனாட்டு உவமை வேண்டா. இவ்வூர் இறைவன்மீது பாடப்பெற்ற திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி நூறு செய்யுள்களை உடையது. ஒன்றின் ஈறு அடுத்ததன் தொடக்கம் ஆதலின், ஒரு சொல் கிடைத்தால் அடுத்த பாட்டு தானே நாவுக்கு வரும். ஹிப்போகாம்பஸும் இங்ஙனமே செய்கிறது. ஒரு மணம், ஒரு குரல், ஒரு தெருவின் பெயர் கிடைத்தால் போதும். அதனைப் பற்றி முழு நிகழ்ச்சியையும் எழுப்பித் தருகிறது.

இக்காப்பாளனை அல்ஸைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. ஐம்பதாண்டுக்கு முந்திய தேரோட்டத்தை விரித்துரைக்கும் கிழவர், காலையில் உண்டதை அறியாது மீண்டும் சோறு கேட்கிறார். “வேண்டுமென்றே கேட்கிறார்” என்று வீட்டார் வைகின்றனர், ஊரார் நகைக்கின்றனர். மோலெய்ஸனுக்கு நேர்ந்ததை அறிந்தோர் அங்ஙனம் வையார். அது வீம்பன்று, பாவத்தின் பயனுமன்று, நோய்.

மறதி யாவும் தீராததென்று கைவிடுவதும் தவறு. தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் நீங்கக்கூடும். ஆதலின், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதுபோல முதியோரின் ஞாபகத்தைச் சோதிப்பதும் கிராம சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் தவறாத வழக்கமாகவேண்டும். வீட்டாரோ, வினாக்களால் முதியவரை வருத்தாது, பழம்பெயரொன்றைச் சொல்லி அந்தாதிபோல் அடியெடுத்துக் கொடுப்பாராக.

கரிவலம்வந்தநல்லூரில் எரிந்த ஏடுகள் மீளா. நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் எரியாத ஏடுகள் அமர்ந்திருக்கின்றன. அவற்றையேனும் காப்போமாக.