நூற்றிருபது ரூபா யோ-யோவும் அதன் அச்சும்

2018ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது புறக்கோட்டையிலிருந்து பத்து டசின் யோ-யோ எடுத்து வந்தேன். மொத்த விலைக்கு ஒன்று 62 ரூபா. பதுளை பஸார் வீதியில் என் கடை வாசலில் 120 ரூபா என்று எழுதித் தொங்கவிட்டேன். தீபாவளி முற்பணம் கையில் கிடைத்ததும் பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கத்துத் தோட்டச் சனங்கள் பஸ் ஏறி டவுனுக்கு வருவார்கள். உடுப்பு எடுத்து, பட்டாசு வாங்கி, மிச்சத்தில் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் எடுப்பார்கள். பத்து நாளில் ஏழு டசின் போய்விட்டது. நல்ல சாமான் பிடித்தோம் என்று எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

பிறகு திரும்பி வரத் தொடங்கியது. ஒன்று இரண்டாகப் பிளந்து வந்தது. ஒன்றின் நூல் அறுந்து வந்தது. ஒன்றுக்கு எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் சுழலாது. நாற்பத்தொரு உருப்படி திரும்பி வந்ததாகக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் தந்த மொத்த வியாபாரிக்குப் போன் பண்ணினேன். விளையாட்டுச் சாமானுக்கு யார் கரண்டி கொடுப்பது என்று சிரித்தார்.

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எட்டு, ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவாக இருந்த காலம் அது. காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்து மேசை லாச்சியைத் திறந்தேன். அவர் கேட்டது வேறு.

"நானா, இத ஒட்டிக் குடுப்பீங்களா? பசைக்கு என்னா காசோ அத குடுத்துர்றேன்."

இருபத்தெட்டு வருடம் கடை வைத்திருக்கிறேன். சத்தம் போட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியும். இதற்கு என்ன பதில் சொல்வது? பையனுக்கு வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். அதுவும் உடையும் என்று தெரிந்தே கொடுத்தேன் என்பதுதான் அன்றிரவு என்னை உறுத்தியது.

கடையைப் பூட்டிய பிறகு ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் பாதிகள். நடுவில் ஆணி மாதிரி ஒரு மெல்லிய கம்பி. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு துளி பசை. நூல் அந்தக் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கோளாறு அந்த முடிச்சில்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரியவைத்தவன் கட்டாரில் வேலை செய்யும் என் மருமகன். அடுத்த மாதம் லீவில் வந்தவன் தன் பையிலிருந்து அலுமினிய யோ-யோ ஒன்றை எடுத்தான். நாற்பது டொலர் கொடுத்தானாம். கீழே விட்டான். விசைப்பலகை விசிறி மாதிரிச் சத்தமில்லாமல் கீழேயே நின்று சுழன்றது. ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. "இதுக்குப் பேர் தூங்குறது மாமா" என்றான். என் 120 ரூபாச் சாமான் தூங்கவே தூங்காது. கீழே போன வேகத்தில் மேலே வரும், அல்லது வராது.

யோ-யோ பழைய சாமான். கி.மு. 440 அளவில் செய்த ஒரு கிரேக்கக் கிண்ணத்தில் பையன் ஒருவன் யோ-யோ ஆடுகிறான். அந்தக் கிண்ணம் பெர்லின் நூதனசாலையில் இருக்கிறது. ஆனால் அதை இன்றைய வியாபாரமாக ஆக்கியவர் பிலிப்பைன்ஸ்காரரான பெட்ரோ ஃப்ளோரெஸ். 1915இல் அமெரிக்கா போனவர். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கும் வேலை. 1928இல் தன் ஊர் விளையாட்டுச் சாமானைக் கையால் ஒரு டசின் செய்து விற்கத் தொடங்கினார். தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவில்லை. ஊரில் இருந்ததைத்தான் செய்தார். அந்த ஊர்ச் சாமானில் நூலுக்கு முடிச்சு இல்லை. நூலை இரட்டையாக முறுக்கி, அச்சைச் சுற்றி ஒரு கண்ணியாக மாட்டியிருப்பார்கள். நூல் முழுவதும் அவிழ்ந்த பிறகு அச்சு அந்தக் கண்ணிக்குள்ளேயே வழுக்கிச் சுழலும். கையைச் சற்று வெடுக்கென்று இழுத்தால் நூல் தளர்ந்து அச்சைப் பிடித்துக்கொள்ளும், மேலே ஏறும். ஒரு முடிச்சை எடுத்துவிட்டு ஒரு கண்ணி. மேலும் கீழும் போய்வந்த சாமானில் நூறு வித்தை காட்டலாம் என்றாகிவிட்டது.

ஃப்ளோரெஸ் வித்த விதத்தையும் எம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். கடைக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார். 1930 அளவில் டொனால்ட் டங்கன் என்ற அமெரிக்க வியாபாரி அவரிடமிருந்து தொழிலை வாங்கினார். டங்கன் ஆடிக் காட்டுவதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து ஊர் ஊராக அனுப்பினார். அவர்களில் பெரும்பாலானோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கடை வாசலில் நின்று ஆடுவார்கள், வாங்கிய பிள்ளையின் யோ-யோவில் கத்தியால் பெயரோ தென்னை மரமோ செதுக்கிக் கொடுப்பார்கள். பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்டோடும் ஏற்பாடு செய்துகொண்டார். போட்டியில் சேர விரும்பும் பிள்ளை பத்திரிகைக்குச் சந்தா பிடித்து வரவேண்டும். 1932இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் ஹார்வி லோ என்ற 13 வயதுக் கனடாப் பையன். நான் என் கடையில் என்ன செய்தேன்? கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

1946இல் விஸ்கான்சின் மாநிலத்தில் லக் என்ற சிற்றூரில் டங்கன் கம்பனி தொழிற்சாலை போட்டது. கெட்டியான மேப்பிள் மரத்தில் மணிக்கு 3,600 யோ-யோ. 1962இல் அமெரிக்காவில் 4 கோடி பிள்ளைகள், விற்றதோ 4.5 கோடி யோ-யோ என்பார்கள். அப்படிப்பட்ட கம்பனி மூன்றே வருடத்தில் விழுந்தது. மேலதிக வேலைச் சம்பளம், மரம், தொலைக்காட்சி விளம்பரம் எல்லாவற்றுக்கும் காசு போயிற்று. அதோடு "யோ-யோ" என்ற பெயர் எங்களுக்கே சொந்தம் என்று நடத்திய வழக்கில் 1965இல் தோற்றார்கள். அது பொதுப்பெயர், யாரும் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் வங்குரோத்து. பிறகு அந்தப் பெயரை வாங்கியது, அவர்களுக்குப் பிளாஸ்டிக் யோ-யோ வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ளாம்போ கம்பனி. கூலிக்குச் செய்து கொடுத்தவன் முதலாளியானான்.

இதற்குப் பிறகு வந்த பெரிய மாற்றங்கள் எல்லாம் அச்சில்தான் நடந்தன. சான் பிரான்சிஸ்கோவில் டொம் கூன் என்று ஒரு பல் வைத்தியர். 1970களின் கடைசியில் கழற்றிப் பூட்டக்கூடிய மர யோ-யோ செய்தார். அச்சுத் தேய்ந்தால் அச்சை மாத்திரம் மாற்றலாம். 1990இல் அவரே அலுமினியத்தில் போல் பெயாரிங் வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். நூல் அச்சில் உரசாமல் பெயாரிங்கின் வெளி வளையத்தில் இருக்கும், உடம்பு மாத்திரம் சுழலும். அதற்கு முன் 1980இல் மைக்கல் காஃப்ரி என்பவர் உள்ளே கிளட்ச் வைத்த யோ-யோவுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்கூட்டரின் கிளட்ச் வேகம் ஏறினால் பிடிக்கும். இது வேகம் இறங்கினால் பிடிக்கும், தானாக மேலே வந்துவிடும். பழகாத பிள்ளைக்கும் யோ-யோ கைக்கு வந்தது. யொமேகா கம்பனி இதை வைத்தே வளர்ந்தது. 1997இல் ஜப்பானின் பண்டாய் கம்பனி 'ஹைப்பர் யோ-யோ' என்று விற்றபோது யொமேகா சாமான்களும் அதில் இருந்தன.

மருமகனின் யோ-யோவை மேசையில் கழற்றி வைத்தோம். எல்லாமே ஐந்தாறு துண்டுதான். இரண்டு அலுமினியப் பாதிகள், நடுவில் ஒரு இஸ்குரு, அரை அங்குல விட்டமுள்ள பெயாரிங், இரு பக்கமும் நூலைப் பிடிக்க மெல்லிய சிலிக்கன் வளையம். எடை 65 கிராம் சொச்சம். அந்த எடையை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் மூளை இருக்கிறது. நடுவில் உலோகத்தைக் குடைந்து எடுத்துவிட்டு ஓரத்தில் சேர்ப்பார்கள். பழைய தையல் மெஷினின் சில்லு ஏன் ஓரம் கனத்து இருக்கிறது? அதே கணக்கு. ஓரம் கனத்தால் நெடுநேரம் சுழலும். கூடக் கனத்தால் கைக்கு மந்தமாக இருக்கும். கொம்பியூட்டரில் வரைந்து, கொம்பியூட்டர் லேத்தில் இரண்டு மூன்று மாதிரி வெட்டி, நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். அவர்கள் குறை சொல்வார்கள், இவர்கள் அரைக் கிராமைக் குறைப்பார்கள் அல்லது கூட்டுவார்கள். இன்றைய போட்டி யோ-யோ சும்மா இழுத்தால் மேலே வராது. நூலை ஒரு மடிப்பு மடித்து இடைவெளிக்குள் கொடுத்தால்தான் பிடிக்கும்.

நாற்பது டொலர்ச் சாமானைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விற்க முடியாது. ஆனால் என்னிடம் மிச்சம் மூன்று டசினும், திரும்பி வந்த நாற்பத்தொன்றும் கிடந்தன. பதுளையில் எனக்குத் தெரிந்த லேத் பாஸ் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தில் புதிதாகவே கடைந்து பார்த்தார். பார்க்க அழகு. சுழற்றினால் குடிகாரனைப் போல் ஆடியது. ஒரு பாதி மறு பாதியைவிடக் கனம், மரம் என்றால் அப்படித்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அந்தக் கரைச்சல் குறைவு. அதையே திருத்துவோம் என்றார்.

பெயாரிங் போடலாம் என்று பதுளை முழுக்கத் தேடினேன். மோட்டார் சைக்கிள் பெயாரிங்தான் இருந்தது. பஞ்சிகாவத்தையில் சின்னது ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்த்தால் தூங்கவில்லை. உள்ளே அடைத்திருந்த கிறீஸ் இழுத்துப் பிடிக்கிறது என்பதைப் பாஸ்தான் கண்டுபிடித்தார். பெட்ரோலில் கழுவியதும் ஓடியது. ஆனால் பெயாரிங்கின் விலை யோ-யோவின் விலையைவிடக் கூட. அதைக் கைவிட்டோம்.

கடைசியில் ஃப்ளோரெஸின் பழைய வழிக்கே வந்தோம். ஆணியை எடுத்துவிட்டு நடுவால் துளை போட்டு நாலு மில்லிமீற்றர் போல்ட்டும் நட்டும். முதல் மாதிரியில் போல்ட்டின் புரி அரை மணித்தியாலத்தில் நூலை அரிந்துவிட்டது. பாஸ் பழைய ரேடியோ ஏரியல் ஒன்றை எடுத்து, அதன் பித்தளைக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்துப் போல்ட்டுக்கு மேல் மாட்டினார். வழவழப்பான அச்சு வந்துவிட்டது. குழாயின் நீளம்தான் இரு பாதிகளுக்கும் இடையிலான இடைவெளி. நீளம் கூடினால் மேலே வராது, குறைந்தால் தூங்காது. நாலைந்து நீளம் வெட்டிப் பார்த்தோம். எது சரி என்று சொல்ல என் விரலுக்கும் தெரியவில்லை, பாஸின் விரலுக்கும் தெரியவில்லை.

பசறைத் தாய் அடுத்த மாதச் சம்பளத்துக்கு டவுனுக்கு வந்தபோது பையனும் கூட வந்திருந்தான். ஐந்தையும் அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் பத்துப் பத்துத் தடவை விட்டுப் பார்த்தான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தந்தான். அந்த நீளத்திலேயே எல்லாவற்றையும் அறுத்தோம்.

போல்ட், நட், குழாய், கூலி, நூல் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 33 ரூபா போயிற்று. கொள்விலையோடு 95. முன்பு 58 ரூபா கிடைத்த இடத்தில் 25 ரூபாதான். திருப்பித் தந்தவர்களுக்குச் சும்மா மாற்றிக் கொடுத்ததையும் சேர்த்தால் அந்தப் பத்து டசினில் எனக்கு லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மகன் முகத்தைச் சுளித்தான்.

ஆனால் நூல் விற்கத் தொடங்கியது. கண்ணியில் சுழலும் நூல் தேயும், நன்றாக ஆடும் பிள்ளைக்கு அடிக்கடி புதிது வேண்டும். முடிச்சுப் போட்ட யோ-யோவில் நூல் அறுந்தால் சாமானே போயிற்று. இதில் பத்து ரூபா நூல் மாற்றினால் போதும். வாடிக்கையாளர் திரும்பவும் கடைப்படி ஏறுகிறார். பையனும் ஒரு சனிக்கிழமை வாசலில் நின்று ஆடினான். அன்று மாத்திரம் பதினொன்று போனது. அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து பஸ் காசும் கொடுத்தேன். பாடசாலை நாளில் வரக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, 2022இல் டொலரே இல்லாமல் போனது. என் கடைக்கு விளையாட்டுச் சாமான் வரத்து அடியோடு குறைந்த அந்தக் காலத்தில், பழைய யோ-யோவுக்குப் போல்ட் போட்டுத் தரச் சொல்லி வந்தவர்கள் உண்டு. இப்போது பெயாரிங் வைத்த சீனப் பிளாஸ்டிக் யோ-யோவும் கொஞ்சம் எடுக்கிறேன். எதை எடுத்தாலும் பெட்டியிலிருந்து ஒன்றை மொத்தக் கடையிலேயே கழற்றிப் பார்க்கிறேன். கழற்ற முடியாததை எடுப்பதில்லை. இந்த நானா சாமான் வாங்க வருகிறாரா உடைக்க வருகிறாரா என்று புறக்கோட்டைப் பொடியன்கள் கேட்கிறார்கள்.

போன கிழமை லுணுகலையிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனோடு வந்து ஐந்து நூல் கேட்டது. கடையில் நாலுதான் இருந்தது. ஐந்தாவதை அங்கேயே உட்கார்ந்து முறுக்கிக் கொடுத்தேன்.