குடலை மொட்டையாக்கும் கோதுமை புரதம்! சத்து மாத்திரைக்கும் தேறாத குழந்தைகளுக்கு ரத்த பரிசோதனை அவசியம்

காய்ச்சலில் கிடந்து எழுந்தால் கோதுமை கஞ்சி. சர்க்கரை நோய் வந்தால் ராத்திரிக்கு சப்பாத்தி. பிள்ளை மெலிந்து போனால் பாலும் ரொட்டியும். நம்மூரில் கோதுமை என்றாலே தெம்பு தரும் சாப்பாடு என்று பெயர். ஆனால் இதே கோதுமை சிலருக்கு விஷம் மாதிரி வேலை செய்கிறது. அந்த நோய்க்கு பெயர் 'சீலியாக்'.

பரோட்டா மாவை வீசி அடிக்கும்போது பிய்யாமல் ஜவ்வு மாதிரி இழுபடுகிறதே, அதற்கு காரணம் கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்ற புரதம். மற்ற புரதங்களை வயிறு தூள் தூளாக உடைத்து விடும். குளூட்டன் மட்டும் முழுசாக உடையாது. அரைகுறையாக சிறுகுடலுக்கு போய் சேரும்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. பிறவியிலேயே குறிப்பிட்ட மரபணு உள்ள சிலருக்குத்தான் வில்லங்கம். அரைகுறை புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பின் எதிர்ப்பு சக்தி சண்டைக்கு வருகிறது. அடி விழுவதோ சொந்த குடலுக்கு.

சிறுகுடலின் உள்பக்கம் தேங்காய்ப்பூ துண்டு மாதிரி இருக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி குட்டி விரல்கள்தான் சாப்பாட்டில் உள்ள சத்தை உறிஞ்சுகின்றன. சண்டையில் இவை தேய்ந்து மொட்டையாகி விடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

ஏமாற்றும் ரத்தசோகை

பேதி, வயிறு உப்புசம், எடை குறைவு, பிள்ளை உயரமாக வளராதது ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு பேதியே இருக்காது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் தீராத ரத்தசோகை மட்டும் இருக்கும். விஷயம் தெரியாத வீட்டில் பிள்ளை தேறவில்லையே என்று இன்னும் ஒரு டம்ளர் கோதுமை கஞ்சி கொடுப்பார்கள். நோய்க்கு தீனி போட்ட கதைதான்.

கோதுமையை நிறுத்தினால் இந்த குழந்தைகள் தேறுவார்கள் என்று 1950-ல் ஆய்வு எழுதி காட்டியவர் நெதர்லாந்து நாட்டு குழந்தைகள் டாக்டர் வில்லெம் டிக்கே.

நம் நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. வட இந்தியாவில் ஆயிரம் பேரில் சுமார் 8 பேருக்கு இந்த நோய் இருந்தது. தெற்கே 10 ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் நோய் வர காரணமான மரபணு வடக்கு, தெற்கு இரண்டிலும் சுமார் 3 பேரில் ஒருவருக்கு இருந்தது. அங்கே ஒருவர் தினமும் சாப்பிட்டது சுமார் 455 கிராம் கோதுமை. இங்கே 25 கிராம். இதுவரை சோறு நம்மை காப்பாற்றி இருக்கிறது என்றே தோன்றுகிறது. இப்போதோ தெருவுக்கு தெரு பரோட்டா கடை!

பெருங்காயத்திலும் மைதா

கோதுமை என்றால் ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், பன் எல்லாம் சேர்த்தி. பார்லியிலும் இதே வகை புரதம் உண்டு. அதனால் மால்ட் கலந்த சத்து பானமும் ஆகாது. சாம்பாரில் போடும் பெருங்காயத்தில்கூட பல கம்பெனிகள் கோதுமை மாவு அல்லது மைதா கலக்கின்றன. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகை போட்டு அரைத்தாலும் ஆபத்துதான். ஒரு ரொட்டி துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் அதில் 40-ல் ஒரு பங்கு உள்ளே போனாலே குடல் கெட்டு விடும்.

சந்தேகம் வந்தால் உடனே கோதுமையை நிறுத்தி விடக்கூடாது. நிறுத்தி விட்டு பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டி விடும். முதலில் 'டி.டி.ஜி.' ரத்த பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் பார்ப்பது நல்லது. இதை குணமாக்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். அப்படி இருந்தால் தேய்ந்த விரல்கள் மெல்ல மெல்ல திரும்ப வளரும்.

'குளூட்டன் ப்ரீ' என்று விற்கும் பாக்கெட்டுகளில் கிலோவுக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம். விலைதான் கையை கடிக்கும். அதை தேடி அலைய வேண்டியதும் இல்லை. இட்லி, இடியாப்பம், கேழ்வரகு களி, கம்பங்கூழ், சோள தோசை எதிலும் இந்த புரதம் கிடையாது. மாவை மட்டும் வீட்டிலேயே அரைத்துக்கொள்ள வேண்டும்.