நடுக்கடல் அடிமைகள்... விண்வெளியிலிருந்து சாட்சி சொன்ன செயற்கைக்கோள்!

நடுக்கடலில் ஒரு குற்றம் நடக்கிறது. அங்கே போலீஸ் இல்லை, சிசிடிவி இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. சாட்சி சொல்ல யார் வருவார்கள்? 2015-ல் அந்தச் சாட்சி விண்வெளியிலிருந்து வந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில், 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி நிறுவனம் ஓர் உண்மையை உடைத்தது. இந்தோனேசியாவின் பெஞ்சினாவில், பெரும்பாலும் மியான்மரைச் சேர்ந்த ஆண்கள், மீன்பிடிப் படகுகளில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். சிலரைக் கூண்டில் பூட்டியும் வைத்திருந்தார்கள். இந்தோனேசிய அரசு மீட்புப் பணியில் இறங்கியது. ஆனால், பல படகுகள் ஆட்களோடு பப்புவா நியூ கினியா கடல் பக்கம் நழுவிவிட்டன.

எப்படிச் சிக்கியது கப்பல்?

இந்தப் படகுகள் பிடிக்கும் மீனை நடுக்கடலிலேயே குளிர்பதன வசதியுள்ள பெரிய கப்பலுக்கு மாற்றிவிடுவார்கள். படகு கரைக்கு வராது; அதில் இருப்பவரால் தப்பவும் முடியாது. அப்படி மீன் ஏற்றிய 'சில்வர் சீ 2' கப்பலின் இருப்பிட சிக்னலைச் செய்தியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அமெரிக்கத் தனியார் நிறுவனமான டிஜிட்டல்குளோபின் உதவியையும் கேட்டார்கள். ஜூலையில் அதன் செயற்கைக்கோள் படம் பிடித்தது. கப்பலையொட்டி மீன்பிடிப் படகுகள் நிற்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆகஸ்ட்டில் இந்தோனேசியக் கடற்படை கப்பலைப் பிடித்தது.

அடிஸ்கேல் அளவு கண்

இவ்வளவு கூர்மையான கண் ஒருகாலத்தில் அரசாங்க உளவுத்துறைகளிடம்தான் இருந்தது. 1999-ல் ஏவப்பட்ட 'ஐகோனோஸ்', சுமார் 1 மீட்டர் துல்லியத்தில் படமெடுத்து விற்ற முதல் வணிகச் செயற்கைக்கோள். 2014-ல் டிஜிட்டல்குளோப் ஏவிய 'வேர்ல்டுவியூ-3' இன்னும் கூர்மை. 617 கி.மீ உயரத்திலிருந்து அது எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 31 செ.மீ. கிட்டத்தட்ட உங்கள் வீட்டுப் பிள்ளையின் அடிஸ்கேல் நீளம்!

இதில் காரின் வடிவம் தெரியும். மனிதர் ஓரிரு புள்ளிதான், முகம் தெரியாது. மேகம் மறைத்தால் எதுவுமே தெரியாது.

எங்கே பார்ப்பது?

முக்கியமான சிக்கல் இதுதான். இத்தனை துல்லியமாகக் கடல் முழுவதையும் தினமும் படமெடுக்க முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். இங்கே அதற்கு வழிகாட்டியது, அடிமைப் படகுகளில் இருந்தவர்கள் துணிந்து சொன்ன வாக்குமூலமும், செய்தியாளர்களின் பல மாதத் தேடலும்.

அந்தப் புலனாய்வால் 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். 2016-ல் புலிட்சர் விருதும் கிடைத்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்த மனிதர்களின் முகம் தெரியவில்லை. ஆனால், 'அங்கே எதுவும் நடக்கவில்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாமல்போனது.