அன்னா மாமியின் பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடத்தின் பெருமையை அறிய விரும்புவோர் அதன் பரீட்சைப் பெறுபேறுகளையும் பரிசளிப்பு விழா அறிக்கைகளையுமே பெரும்பாலும் புரட்டுவர். அவற்றினும் மேலான சான்று ஒன்றுண்டு. அங்கே பயின்றவர்கள் முதுமையெய்திய பின்னர் எதனை நினைவு கூர்கின்றனர் என்பதே அது. பன்ஸ் கோர்ட் பள்ளியின் பழைய மாணவர்கள் சொல்லிச் சென்ற கதைகளைப் படித்தபோது இவ்வெண்ணம் என்னுள் உறுதிப்பட்டது.

அப்பள்ளியை நிறுவியவர் அன்னா எசிங்கர். ஜேர்மனியின் உல்ம் நகரில் 1879இல் பிறந்த யூதப் பெண்மணி. இளமையில் அமெரிக்கா சென்று கற்றவர்; அங்கே குவேக்கர் சமயத்தாரின் தொண்டுணர்வால் ஈர்க்கப்பட்டவர். தாயகம் மீண்டு, 1926இல் ஹெர்லிங்கன் என்னும் ஊரில் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறியதும், பள்ளியில் சுவஸ்திகாக் கொடியை ஏற்றுமாறு ஆணை பிறந்தது. அன்னா என்ன செய்தார்? பிள்ளைகள் அனைவரையும் அழைத்துக்கொண்டு அன்று முழுவதும் உலாப் போய்விட்டார். கொடி பறந்தது; அதன் கீழே ஒரு பிள்ளையும் இருக்கவில்லை. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், பெற்றோரின் சம்மதத்துடன், 60க்கு மேற்பட்ட பிள்ளைகளை இங்கிலாந்துக்கே கொண்டு சேர்த்தார். கென்ற் பகுதியிலிருந்த பன்ஸ் கோர்ட் என்னும் பழைய மாளிகை அவர்களது புதிய பள்ளியாயிற்று.

பணம் இல்லை, பணியாட்கள் இல்லை. பிள்ளைகளே கூட்டினர், கழுவினர், தோட்டம் கொத்தினர், தளபாடங்களைச் செப்பனிட்டனர். ஆசிரியர்களுட் பலரும் அகதிகளே. ஜேர்மனிய நாடகமேடையில் நெறியாளராக விளங்கிய ஒருவர் அங்கே கொதிகலனுக்கு நெருப்பிட்டார். மாலை வேளைகளில் மாணவர்க்கு நாடகம் பழக்கினார். அதிபரைப் பிள்ளைகள் அழைத்தது ‘அன்னா மாமி’ என்றே.

1938 நவம்பரில் ஜேர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் தீக்கிரையாயின. அதன் பின்னர், பெற்றோரைப் பிரிந்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். டோவர்கோர்ட் என்னும் கடலோர முகாமில், குளிர் நடுக்கும் குடில்களில், முதலில் வந்தோர் தங்கவைக்கப்பட்டனர். வளர்க்க விரும்பியோர் வந்து பார்த்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். அழகும் இளமையும் உடையோர் விரைவில் வீடு சேர்ந்தனர். ஏனையோர் காத்துக் கிடந்தனர். முகாமில் உதவி புரியச் சென்றிருந்த அன்னாவை அக்காட்சி வருத்தியது. இயன்ற மட்டும் சிலரைத் தம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்.

அவர்களுள் ஒருவன் 13 வயதுச் சிறுவன் லோதர் பாரூக். பிறந்த ஊரின் பள்ளியில் யூதன் என்பதற்காக இழிவுபடுத்தப்பட்டுப் பேர்லின் அநாதை விடுதியில் சேர்க்கப்பட்டவன். ஒரு பள்ளி அவனை வெளியே தள்ளிற்று. மற்றொரு பள்ளி ஏற்றுக்கொண்டது. பெற்றோரிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்த செய்திகள் 25 சொற்களுக்கு மேற்படாதவை. 1942இல் அவையும் நின்றன. 1943இல் பிரித்தானியப் படையிற் சேர்ந்தபோது, பகைவரிடம் அகப்பட்டால் பெயரே உயிருக்கு உலையாகும் என்பதால், லெஸ்லி பிரென்ற் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். தாய், தந்தை, தமக்கை மூவரும் ரீகா நகருக்கு அருகே கொல்லப்பட்டனர் என்பதை அவர் திட்டமாக அறியப் பல பத்தாண்டுகள் சென்றன. பிற்காலத்தில் அவர் விஞ்ஞானியானார். உயிரொன்றின் உடலுள் அந்நிய உயிரணுக்களை மிக இளம் பருவத்திலேயே செலுத்திவிட்டால், பின்னர் அவ்வுடல் அவ்வந்நியத் தோலைத் தள்ளாது ஏற்கும் என 1953இல் மெடவார், பில்லிங்ஹாம் ஆகியோருடன் சேர்ந்து நிறுவினார். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஆராய்ச்சிகளுள் அது தலையாயது.

மற்றொருவர் ஓவியர் பிராங்க் ஔவர்பாக். எழுத்தாளர் ஐரிஸ் ஒரிகோ பொறுப்பேற்ற ஆறு பிள்ளைகளுள் ஒருவராக, எட்டு வயது நிரம்புமுன் 1939இல் வந்து சேர்ந்தார். அவருடைய பெட்டியில் உடனே உடுப்பதற்குரியவையும் இருந்தன. வளர்ந்த பின் வேண்டப்படுபவையும் இருந்தன. பின்னவற்றின் மூலையில் அன்னை சிவப்பு நூலாற் குறியிட்டிருந்தார். அத்துணிகளைத் தம் கையால் எடுத்துக் கொடுக்கும் நாள் வராது என்று எண்ணியா அவர் தைத்தார்? நான் அறியேன். பெற்றோர் இருவரும் அவுஷ்விற்சில் மாண்டனர். ஔவர்பாக்கோ தமது பள்ளி நாட்களை மகிழ்ச்சியான நாட்கள் என்றே கூறிவந்தார். 2024இல், 93ஆவது வயதில் காலமானார்.

அந்த மகிழ்ச்சி என்னைத் திகைக்க வைத்தது. பெற்றோரை இழந்த பிள்ளை எங்ஙனம் மகிழ்ந்திருக்க முடியும்? சிந்தித்தபோது ஒருவாறு விளங்கிற்று. அன்னா எசிங்கர் அவர்களுக்கு இரக்கத்தைப் பரிமாறவில்லை, வேலையைக் கொடுத்தார். நாளை பாத்திரம் கழுவும் முறை உன்னுடையது, நாடகத்தில் இப்பாத்திரம் உன்னுடையது என்று சொல்லுமிடத்தில், தான் எவருக்கும் வேண்டாதவன் என்னும் எண்ணம் குழந்தையிடம் நிலைப்பதில்லை. தாய் தந்தையர் இடத்தை எப்பள்ளியாலும் நிரப்ப முடியாது. ஆனால் அவ்விடம் வெறுமையாய்க் கிடக்கையிலும் ஒரு பிள்ளை வளரலாம் என்பதை இப்பள்ளி காட்டிற்று.

1940இல் போர்ப்படையினர் அப்பகுதியைக் கேட்டபோது பள்ளி சில நாட்களுக்குள் இடம்பெயர்ந்து ஷ்ரொப்ஷயர் சென்றது, 1946இல் மீண்டது. போருக்குப் பின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய சிறுவர் சிலரும் வந்து சேர்ந்தனர். 1948இல் கதவு மூடப்பட்ட வேளை 900க்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வாழ்ந்து சென்றிருந்தனர். கண்பார்வை மங்கிய அன்னா 1960இல் மறைந்தார். பழைய மாணவர்களோ அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஒன்றுகூடி வந்தனர்.

வகுப்பறையில் நாம் போதித்தவற்றுட் பெரும்பகுதி மறக்கப்படும். அது இயல்பே. ஆனால் வாசலில் வந்து நின்ற பிள்ளையை நாம் எவ்வாறு வரவேற்றோம் என்பது மறக்கப்படுவதில்லை. ஆசிரியராயிருப்போர் அனைவரும் நெஞ்சில் இருத்த வேண்டியது இதுவன்றோ?