வளர்ச்சிக்கும் ஒரு காலம் உண்டு

வயது ஏறியும் பிள்ளையின் உயரம் ஏறவில்லையே என வருந்தும் பெற்றோர் உளர். பிறகு வளர்ந்துவிடுவான் என வாளாவிருப்போரும் உளர். வளர்ச்சிக் குறைவுக்குப் பரம்பரை, ஊட்டக்குறை, தைராய்டு குறைபாடு, நாட்பட்ட நோய் எனக் காரணங்கள் பல. மூளையின் அடியில் பட்டாணியளவே அமைந்த பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனைப் போதிய அளவு சுரவாமையும் அவற்றுள் ஒன்று.

நீரிழிவுக்கு மாட்டின் இன்சுலின் உதவியது. இக்குறைக்கோ விலங்கின் ஹார்மோன் பயன்படவில்லை. மனித ஹார்மோனே தேவைப்பட்டது. இறந்தோரின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனால் ஒரு சிறுவன் வளர்ந்த செய்தியை அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ராபன் 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் இம்மருந்தைப் பெற்ற சிலர் மூளையைச் சிதைக்கும் கொடுநோயால் மாய்ந்தனர். அதனால் 1985இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. மரபணுப் பொறியியலால் ஆக்கிய ஹார்மோன் அவ்வாண்டே அங்கு ஒப்புதல் பெற்றது. தோலுக்கடியில் செலுத்தப்படும் ஊசிமருந்து அது.

எனினும் இம்மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகள் பருவமெய்தியபின் மூடிக்கொள்கின்றன. அதன்பின் இம்மருந்து உயரம் தாராது. ஆதலின் காலத்தே கண்டறிதல் இன்றியமையாதது. நான்கு வயது முதல் பருவமெய்தும் வரை, ஆண்டுக்கு 5 செ.மீ. கூட வளராத பிள்ளையை மருத்துவரிடம் காட்டுதல் நன்று. ஆண்டுதோறும் உயரத்தை அளந்து குறித்துவைத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எளிய செயலே. "குள்ளன்" என எள்ளும் சொல்லை விடுத்து, அளவுகோலைக் கையிலெடுப்போமாக!