லண்டனை விட்டுச் செல்லும் விரிவுரையாளர்கள்

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை உண்டு என்ற உறுதி எதையும் தராமல், தேவைப்படும்போது மட்டும் பணியாளரை அழைத்துக்கொள்ளும் ‘பூஜ்ய நேர ஒப்பந்தம்’ பிரிட்டனில் உணவகங்களுக்கும் கிடங்குகளுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர் பலர். ஆனால் முனைவர் பட்டம் பெற்றவர்கள் பாடம் நடத்தும் பல்கலைக்கழகங்களும் மணிக்கணக்கு ஊதியத்தையும், குறித்த நாளில் தானாகவே முடிந்துவிடும் தவணைக்கால ஒப்பந்தத்தையும் நெடுங்காலமாகப் பெரிதும் நம்பியிருக்கின்றன. செப்டம்பரில் தொடங்கும் பணி ஜூனில் முடிந்துவிட்டால், கோடை மாதங்களில் ஊதியம் நின்றுபோகிறது. வாடகையோ மாதந்தோறும் தொடர்கிறது.

லண்டனில் இதன் சுமை மிகக் கடுமையானது. மாத வாடகையைப் போல் 30 மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்று வீட்டு முகவர்கள் பொதுவாகக் கேட்பதால், 1,500 பவுண்டு வாடகைக்கு 45,000 பவுண்டு வருமானத்தைப் பணியிடக் கடிதத்துடன் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தில் பணி முடியும் தேதி இருந்துவிட்டால் ஜாமீன் கொடுக்க ஒருவரைத் தேட நேரிடுகிறது. வீட்டுக் கடன் தரும் வங்கியும் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்கிறது. ஆகவே இந்த விரிவுரையாளர்களை வெளியேற்றுவது வாடகை உயர்வு மட்டுமே என்பது பாதி உண்மைதான். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் குறைந்த வாடகையுள்ள வீட்டையும் நம்பி எடுக்க முடிவதில்லை. இருபது வயதினரை ஈர்க்கும் லண்டன், முப்பது வயதினரை நாட்டின் பிற பகுதிகளுக்கு இழந்துவருவதில் இதற்கும் பங்குண்டு.

தொடர்ந்து 4 ஆண்டுகள் தவணைக்கால ஒப்பந்தத்தில் இருந்தவரை, தக்க காரணம் காட்டப்படாவிட்டால், நிரந்தரப் பணியாளராகக் கருத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் விதிமுறை கூறுகிறது. எனினும் ஆய்வு நிதி தீர்ந்துவிட்டது என்று சொல்லி நிரந்தரமானவரையும் ஆட்குறைப்பு செய்ய வழியிருப்பதால், அந்தப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடுகிறது. 2025இன் பணி உரிமைச் சட்டம், வழக்கமாகச் செய்துவந்த மணி நேரத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தத்தைப் பூஜ்ய நேரப் பணியாளருக்கு வழங்க வகைசெய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் தேதியோடு முடியும் ஒப்பந்தங்களின் நிலையற்ற தன்மையை அது நீக்கிவிடவில்லை.

இழப்பு ஆசிரியரோடு நிற்பதில்லை. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர், தமக்குப் பாடம் நடத்தியவர் அங்கே இல்லாததைக் காண்கிறார். ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் பாடத்துக்கு ஆண்டுதோறும் புதிய ஒப்பந்தம் எழுதும் வழக்கத்துக்கு நியாயம் எதுவும் இல்லை. அத்தகைய பணியிடங்களைப் பல்கலைக்கழகங்கள் நிரந்தரமாக்கியே தீர வேண்டும்.